திகதி சொல்லாமல் போனவள்

என் வேலை மற்றவர்களுடைய நாட்களை அடுக்குவது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் யாருக்கு எப்போது கூட்டம், யார் எந்தக் கிழமை லீவு என்று ஷெட்யூல் போடுகிறேன். அங்கே எல்லாவற்றுக்கும் திகதி உண்டு, மணி உண்டு. பின்னேரம் பஸ்ஸை விட்டு வெள்ளவத்தையில் இறங்கினால் அந்தக் கதை எடுபடாது. எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, "இன்ஷா அல்லாஹ், வியாழக்கிழமை அரிசி வரும் தங்கச்சி" என்பார். வியாழக்கிழமை அரிசி வந்துவிடும். எங்கள் ஆட்கள் அவ்வளவுகூடச் சொல்லமாட்டார்கள். "பாப்பம்." "சரிவந்தாச் சொல்லுறன்." "இன்னும் ஒண்டும் முடிவில்லை." பெட்டி கட்டிக் கதவடியில் வைத்துவிட்டவரும் இதைத்தான் சொல்வார். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்ற பயம். விசாவோ கலியாணமோ, எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி வெளியே வரும்.

எனக்கு இது ஒத்துவராது. மனதில் ஒன்று நினைத்தால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. "உன்ர வாயில ஒண்டும் நிண்டு பிடிக்காது" என்று அம்மா திட்டாத மாதமில்லை.

மேல்மாடியில் என் சிநேகிதி இருந்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். சனிக்கிழமை காலமை இருவருமாகச் சந்தைக்குப் போவோம். மீன் வாங்க அரை மணித்தியாலம், கதைக்க ஒரு மணித்தியாலம். இரண்டு வருடத்துக்கு முன்பு, சித்திரை லீவுக்குத் திருகோணமலை போவோமா என்று கேட்டேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்ததே அவள்தான். "வியாழன் நவமி. வெள்ளி வெளிக்கிடுவம்" என்றாள். நானும் இரண்டு பேருக்கு அறை போட்டுவிட்டேன்.

சித்திரை வருவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை, கூடையோடு மேலே போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்ற செக்யூரிட்டி அய்யே சிங்களத்தில் விவரம் சொன்னார். புருஷன், பிள்ளைகளோடு வியாழக்கிழமையே எயார்போட்டுக்குப் போய்விட்டார்களாம், லண்டனுக்காம். பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றியதே அவர்தானாம். மிஸ்ஸுக்குத் தெரியாதா என்று வேறு கேட்டார். தெரியும், மறந்துவிட்டேன் என்றேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நான் மீனும் வாங்கவில்லை.

ஒரு கிழமை கழித்து லண்டனிலிருந்து போன் கோல் எடுத்தாள்.

"குறை நினைக்காதை. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அம்மா சத்தியம் வாங்கினவ."

"நானும் அந்த ஒருத்தரோ?" என்று கேட்டேன்.

திருகோணமலைக்கு அம்மாவோடு போனேன். கோணேசரைக் கும்பிட்டேன், அவளை மனதாரத் திட்டினேன். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை கதைத்தோம். குளிர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என்ன புதினம், ஒண்டுமில்லை. வாயாடியான நான் அவளோடு மட்டும் அளந்து பேசப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்லலாம் என்றார் டொக்டர். களுபோவில ஆஸ்பத்திரியில் நாள் தந்தார்கள். அம்மா கேட்டவுடன் சொன்ன முதல் வார்த்தை, "ஒருத்தருக்கும் சொல்லாதை. முடிய விட்டுச் சொல்லுவம்."

இந்த முறை நான் அம்மா சொற்படி நடந்தேன். ஒபிஸில் லீவுக் கடிதத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். பக்கத்து மேசைக்காரி எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டபோது "பாப்பம்" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே புதினமாக இருந்தது. திகதியைச் சொன்னால் அது இன்னும் கிட்ட வந்துவிடும் போல இருந்தது. அவளும் அந்தக் கடைசி மாதம் முழுக்க இப்படித்தான் பயந்துகொண்டு என்னோடு மீன் வாங்கியிருப்பாளோ என்று முதல் தடவையாக யோசித்தேன். என்றாலும் கோபம் முழுதாக ஆறவில்லை.

சனிக்கிழமை அவளுடைய கோல் வந்தது.

"என்ன புதினம்?"

ஒண்டுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வாற புதன், காலமை எட்டு மணிக்கு ஒப்பரேஷன்" என்று சொல்லிவிட்டேன். கட்டியைப் பற்றியும் சொன்னேன். பயமாக இருக்கு என்றும் சொன்னேன். அவள், "கொஞ்சத்தில எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவளுக்குப் போய்ச் சொன்னேனே என்று என்னையே ஏசிக்கொண்டு இருந்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தாள்.

"செவ்வாய் விடியக் கட்டுநாயக்காவில இறங்குறன். டிக்கெட் இப்பதான் போட்டனான். புதன் உன்னோட நானும் வாறன்." அதோடு விடவில்லை. "கல்கிசையில இருக்கிற அம்மாவுக்கே இன்னும் சொல்லேல்லை. உனக்குத்தான் முதல்ல சொல்லுறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.

"ஆரது, அவளோ? எப்ப இந்தப் பக்கம் வாறாளாம்?"

"தெரியேல்லை அம்மா" என்றேன். "இன்னும் ஒண்டும் முடிவில்லையாம்."