தணிகாசலம் சார் பேசாமல் நின்ற காலை

செய்யாறில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குப் போன் வந்தது. பேசியவர் ஆரணியில் என்னோடு வேலை பார்த்த கம்பவுண்டர் முனுசாமி. "வாத்தியாரு போய்ட்டாருப்பா" என்றார். எந்த வாத்தியார் என்று கேட்டேன். "இன்னா இப்படிக் கேக்கற? உன் வேலைக்கு உலை வச்சாரே, ஃபிசிக்ஸ் வாத்தியாரு." சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். வருத்தம் வரவில்லை.

தணிகாசலம் சாரிடம் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள் அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு அவரைப் பற்றி நல்லதாக எழுத வராது என்றேன். பரவாயில்லை என்றார்கள். அவரை நேசித்தவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். விடாத இருமலுக்காக சார் படம் எடுக்க வந்தார். சட்டையைக் கழற்றி, சுவரோரம் இருந்த ஸ்டாண்டில் நெஞ்சை வைத்து நிற்கச் சொன்னேன். அவர் நிற்காமல் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒத்தைச் செங்கல் சுவருங்களே. ஸ்டாண்டை இங்க வைக்கச் சொன்னது யாரு?"

"டாக்டர்தான். எதிர்ச்சுவர்ல வெச்சா கதவு தொறக்க இடைஞ்சலாம்."

"இந்தச் சுவருக்குப் பின்னால யாரு இருக்காங்க?"

"படம் எடுக்க வந்தீங்களா, வூடு வாங்க வந்தீங்களா?" என்றேன். வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பின்னால் இருந்தது சரசுவின் வீடு. கணவன் தறியில் இருக்க, அவள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நாள் முழுக்க ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். நான் எடுக்கும் ஒவ்வொரு நெஞ்சுப் படத்துக்கும் கதிர் அந்தச் சுவரை நோக்கித்தான் போகும். சார் அடுத்த வாரமே அவள் வீட்டுக்குப் போய், கறுப்புக் காகிதத்தில் மூடிய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை அவள் உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கிறார். சுவருக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு சாவி. கதிர் வந்தால் ஃபிலிம் கறுக்கும், சாவி மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும். அவ்வளவுதான் அவருடைய சோதனை.

தெரிந்ததும் நானே போய் அதைப் பிய்த்தேன். "அந்த ஆளு கிளினிக்கை மூட வெக்கப் பாக்கறாரு. இன்னொரு தபா வந்தா உள்ள வுடாத" என்று சரசுவை மிரட்டினேன். அவள் தலையாட்டினாள். மறுநாள் சார் என் முன்னால் வந்து நின்றார். "ஃபிலிமைத்தானே பிச்சீங்க? சுவரு அங்கயேதான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சரசு அவரைத்தான் நம்பினாள், மறுபடி உள்ளே விட்டாள். இரண்டாவது ஃபிலிம் ஒட்டியது எனக்குத் தெரியவே தெரியாது.

ஒரு மாதம் கழித்து, கூட்டம் நிறைந்த காலையில், கழுவிய படத்தோடு வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மங்கலான கறுப்பில் சாவி, அதன் பல்லோடு தெரிந்தது. "பட்டனை அமுக்கத் தெரிஞ்சா போதாதுங்க. அது எங்க போவுதுன்னு தெரியணும்" என்று எல்லார் எதிரிலும் என்னிடம் சொன்னார்.

டாக்டர் அறையிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார். "ஏழுமலை, யாரைக் கேட்டு ஸ்டாண்டை அங்க வெச்ச?" என்றார்.

சாரைப் பார்த்தேன். வைக்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். அவர் குனிந்து படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அன்றே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த வாரத்திலேயே ஸ்டாண்டு எதிர்ச்சுவருக்குப் போனது. அதற்குப் பின்னால் இருந்தது காலி மனை. சரசுவின் சுவருக்கு ஈயத்தகடு அடித்தார்கள்.

கல்லூரி வாசலில் அவரை மடக்கினேன்.

"உண்மை தெரியும் இல்ல சார்? ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா டாக்டர் வீம்புக்கு நிப்பாரு. மேலதிகாரிங்களுக்கு எழுதிப் போட்டு, அவங்க வந்து பாக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்துடும். இப்ப சுவரு சரியாச்சு."

"அப்ப நானு?"

"உங்களுக்கு வேற வேலை கிடைக்கும், ஏழுமலை."

கிடைத்தது, ஒரு வருஷம் பவர்லூம் இரைச்சலில் நின்ற பிறகு. சரசுவுக்குப் பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. சுவர் அப்படியே இருந்திருந்தாலும் நல்லபடியாகப் பிறந்திருக்கலாம். சரசுவிடம் அவரே அப்படித்தான் சொன்னாராம். "எதுவும் ஆகாமலும் போயிருக்கும். அதுக்காகப் பாத்துகிட்டு இருக்க முடியுமா?" சுவர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஃபிலிமைப் பிய்த்தது என் தப்பு. சரசுவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஆனால் சுவர் விஷயத்தில் சரியாக இருந்ததால் என் விஷயத்தில் அவர் செய்ததும் சரி என்று ஆகிவிடாது.

பல வருஷம் கழித்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "செய்யாறுல, உங்க மேல படற கதிரை அளக்கற பேட்ஜ் குடுத்திருக்காங்களா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கொடுத்திருக்கவில்லை. மறுநாளே முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கினேன். அதற்கும் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

சென்ற வருஷம் எங்கள் சென்டரில் இரண்டு நோயாளிகளின் படங்கள் மாறிப்போயின. உறையில் பெயரை மாற்றி எழுதியவர் முதலாளி. நோயாளியின் ஆட்கள் சத்தம் போட்டதும், அவர் ரிசப்ஷனில் இருக்கும் கலைவாணியைக் கைகாட்டினார். அவள் அழ ஆரம்பித்தாள். நான் இருட்டறையிலிருந்து வெளியே வந்து, "அந்தப் பொண்ணு எழுதல சார். நீங்கதான் எழுதினீங்க. நான் பாத்துகினு இருந்தேன்" என்றேன். முதலாளி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. படங்கள் அன்றைக்கே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. கலைவாணி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

தப்பைத் திருத்துவது, பழி விழுந்தவருக்காக உண்மையைச் சொல்வது, இரண்டையும் செய்ய முடியும், சார். உங்கள் மேல் இருந்த கோபத்தில்தான் அதைக் கற்றுக்கொண்டேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக அந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை.