நோ மேடமும் இரண்டாவது இணைப்பும்

அந்த மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியில் அவளைப் பிடிக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை. அவளுக்கும் அவர்களில் யாரையும் பிடிக்காது. அந்த மட்டில் இரு தரப்புக்கும் பாக்கி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி. ஆபீஸ் வைத்த பெயர் நோ மேடம். பென் டிரைவ் செருகலாமா என்றால் நோ. பழைய பாஸ்வேர்டையே வைத்துக்கொள்ளலாமா என்றால் நோ. சர்வர் அறை எப்போதும் ஜில்லென்று இருக்கிறதே, மகள் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கைச் சாயங்காலம் வரை அங்கே வைக்கலாமா என்று விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர் கேட்டுவிட்டார். அவருக்குக் கிடைத்த நோ கீழ்த்தளம் வரை கேட்டது. கேக் உருகியதுதான் மிச்சம்.

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு அவளே ஒரு வகுப்பு எடுப்பாள். வகுப்பு என்று அவள் சொல்வாள், வாங்கிக் கட்டிக்கொள்வது என்று மற்றவர்கள் சொல்வார்கள். "உங்க மேசை மேல இருக்கறதைத்தான் கம்ப்யூட்டர்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அது வெறும் ஜன்னல். வீடு உள்ள இருக்கு" என்று ஆரம்பித்து, எல்லோரையும் சர்வர் அறைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். இரும்புச் சட்டங்களில் அடுக்கியிருக்கும் இயந்திரங்கள், மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் பேட்டரிகள், குளிரூட்டிகள், ஒவ்வொரு கிளைக்கும் பில் போய்வரும் வயர்கள், வேறொரு கட்டிடத்தில் தினமும் சேர்த்து வைக்கும் நகல் எல்லாவற்றையும் காட்டுவாள். யாராவது கையை நீட்டினால் நறுக்கென்று ஒரு வார்த்தை விழும். எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். சர்வர் இரண்டு, குளிரூட்டி இரண்டு, மின்சாரம் வர இரண்டு வழி, வெளியுலகத்துக்குப் போகும் இணைய இணைப்பு இரண்டு, அதுவும் இரண்டு தனித்தனிக் கம்பெனிகளிடமிருந்து. ஒன்று செத்தால் இன்னொன்று நிற்க வேண்டும்.

அதை நிரூபித்தும் காட்டுவாள். முதல் இணைப்பின் வயரைப் பெட்டியிலிருந்து தன் கையாலேயே பிடுங்குவாள். திரையில் ஒரு விளக்கு சிவப்பாகும், அடுத்தது பச்சையாகும், பில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போகும்.

வீட்டிலும் அவளுக்கு ஓர் எதிரி உண்டு. கணவரின் தம்பி மனைவி. நோ மேடம் மாடியில் குடியிருந்தாள், ஓரகத்தி கீழே. சின்னவள் என்றுதான் அவளை வீட்டில் சொல்வார்கள். சின்னவள் அதே கம்பெனியில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்பதை நினைத்து நினைத்து நோ மேடம் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை. சேர்ந்த புதிதில் சின்னவள் சர்வர் அறைக்கென்று மலிவாக ஒரு குளிரூட்டி வாங்கிப் போட்டாள். அது ஒழுகி ஓர் இயந்திரத்தின் தலையில் தண்ணீர் கொட்டியது. மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா என்று அத்தனை பேர் முன்னால் நோ மேடம் கேட்டாள். சின்னவளும் சளைத்தவள் இல்லை. வீட்டில் உங்களோடு குப்பை கொட்டுவதற்கே இருக்கிற மூளையெல்லாம் செலவாகிவிடுகிறது என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் ஒரே வீடு, ஒரே ஆபீஸ். சேதி போகாமல் எப்படி? நோ மேடத்தின் கணவர் நடுவில் நின்றார். "அவ பேரையே என் காதுல போடாதீங்க. முக்கியம்னா மட்டும் சொல்லுங்க" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மனிதர் பல் டாக்டர். வலிக்காது, வலிக்காது என்று சொல்லிச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர். முக்கியம் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டினால் என்ன ஆகும்? சண்டை வராத சேதி மேலே போகும், வரக்கூடியது அவர் வயிற்றுக்குள் போகும். அப்படித்தான் அந்த வீட்டில் அமைதி நிலவியது. மனிதர் அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் எழுதி அனுப்பலாமே என்று கேட்கலாம். எழுதினாள் சின்னவள், ஆரம்பத்தில். ஒவ்வொன்றையும் வரிக்கு வரி கிழித்துத் தொங்கவிட்டு, முதலாளிக்கும் ஒரு நகல் போட்டுப் பதில் அனுப்பினாள் நோ மேடம். அதற்கப்புறம் சின்னவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, எதுவானாலும் வீட்டில் மாமாவிடம், அதாவது நோ மேடத்தின் கணவரிடம், சொல்லி அனுப்ப ஆரம்பித்தாள்.

இந்த நேரத்தில் முதலாளியைத் தேடி டை கட்டிய ஆள் ஒருவர் வந்து போகத் தொடங்கியிருந்தார். உங்கள் கம்ப்யூட்டர் பிரிவு மொத்தத்தையும் எங்களிடம் விட்டுவிடுங்கள், நாங்கள் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம் என்பது அவருடைய பேச்சு. முதலாளிக்கு ஆசைதான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட பில் நிற்காமல் ஓட்டியவளை என்ன காரணம் சொல்லி வெளியே அனுப்புவது? காரணம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தார். அது நோ மேடத்துக்கும் தெரியும். வாசலில் டை தென்பட்டாலே எரிந்து விழுவாள். அந்த அறையை யாரோ ஒருவன் கையில் கொடுத்துவிட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேறு எதன் மேலும் அவள் அவ்வளவு உயிரை வைத்ததில்லை.

ஒருநாள் காலை ஆபீஸ் வாசலில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டினார்கள். மஞ்சள் இயந்திரம் ஒன்று தன் பெரிய கரண்டியால் தார் ரோட்டைப் பெயர்த்துப் பெயர்த்துப் போட்டது. கிடங்கு மேலாளர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, கீழேதானே நம்ம வயர் போகிறது என்று கவலைப்பட்டார். நோ மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெட்டட்டும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. எதுக்கு மாடு மாதிரி உழைச்சு வச்சிருக்கேன்?" என்றாள்.

தேநீர் வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். ஒரு விளக்கு சிவப்பானது. அடுத்த விளக்கும் சிவப்பானது. அவள் திரையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், வயரைக் கழற்றி மறுபடி செருகினாள். கழற்றிச் செருகினால் சரியாகும் என்று நம்புகிறவர்களை வகுப்பில் அவள் எப்படியெல்லாம் கிண்டல் செய்திருக்கிறாள். அன்று அவளே அதைச் செய்தாள், திரும்பத் திரும்ப.

கிளைகளிலிருந்து போன்கள் கொட்டின. ஆஸ்பத்திரி வண்டிகள் மருந்துக்காக வரிசையில் நிற்கின்றன, பில் போட முடியவில்லை, இருப்பு தெரியவில்லை, எந்தப் பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கையால் எழுதிக் கொடுங்கள் என்றால், கையால் எழுதியே பழக்கமில்லாதவர்கள் விழித்தார்கள். செல்போனை வைத்து ஒப்பேற்றப் பார்த்தார்கள், அது அத்தனை கிளையையும் தாங்கவில்லை. இவ்வளவு நாளும் அவளிடம் நோ வாங்கியவர்கள் எல்லோரும் அன்று ஏதாவது ஒரு சாக்கில் அந்த அறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேக் ஆள் அடிக்கடி வந்தார்.

அவள் தெருவுக்கு இறங்கி ஓடினாள். பள்ளத்தில் ஒரே ஒரு கறுப்புக் குழாய் பிய்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு கம்பெனிகளின் வயரும் பக்கத்தில் பக்கத்தில் அறுந்து தொங்கின. இரண்டாவது கம்பெனிக்குச் சொந்தமாகப் பள்ளமே கிடையாது, முதல் கம்பெனியின் குழாயில் வாடகைக்கு இடம் வாங்கித் தன் வயரை விட்டிருந்தது. அவள் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்ததெல்லாம் அறைக்குள் இருந்த முனையை மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அது எந்த வழியாக வருகிறது என்று ஒருநாளும் தெருவில் நடந்து பார்க்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் மண்ணில் அப்படியே நின்றாள். அவமானம் காதுவரை சுட்டது.

மறுநாள் முதலாளி அறையில் விசாரணை. டை கட்டியவர் ஓரமாக உட்கார்ந்து, ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது இணைப்பை வாங்கியது யார் என்று முதலாளி கேட்டார். நான்தான் என்றாள் சின்னவள். சரிபார்த்து ஏற்றுக்கொண்டது யார்? நான்தான் என்றாள் நோ மேடம். இரண்டும் ஒரே குழாய் என்பது யாருக்காவது தெரியுமா?

"எனக்குத் தெரியும். வயர் போட வந்தவனே சொன்னான். இது பரவாயில்லையான்னு அக்காகிட்ட கேக்கச் சொல்லி வீட்ல மாமாகிட்ட சொல்லி அனுப்பினேன். ஒண்ணும் பதில் வரல, சரின்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள் சின்னவள்.

அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பல் டாக்டரிடம் சொல்லி அனுப்புவார்களா என்று முதலாளி எரிச்சலோடு கேட்டார். நோ மேடத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது உண்மை என்று கேட்டவுடனே அவளுக்குத் தெரிந்துபோனது. அவள் கணவர் விழுங்கக்கூடிய சேதி எது என்று அவளுக்குத் தெரியாதா?

"உங்களுக்கு இது வந்துச்சா, இல்லையா?" என்றார் முதலாளி அவளைப் பார்த்து.

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. தெரிந்தும் வாங்கியவள் என்று சின்னவளின் தலை உருளும். இத்தனை வருட எரிச்சலுக்கு ஒரே நாளில் வடிகால் கிடைக்கும். சர்வர் அறைச் சாவியும் அவள் கையிலேயே இருக்கும். சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை இப்படிப் பார்க்க வேண்டும் என்று அவள் எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள். வாய்வரை வந்தது வார்த்தை. ஆனால் பாதி உண்மையைச் சொல்லிப் பிழைப்பவர்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். அந்தக் குமட்டல் இப்போது தன் மேலேயே வந்தது.

"வரல. ஆனா வர விடாம வச்சது நான். வயரைத் தெருவரைக்கும் போய்ப் பாக்காம சரின்னு சொன்னதும் நான்."

டை கட்டியவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். மாத முடிவோடு பிரிவை வெளியே கொடுப்பது என்று முடிவானது. அவளுக்குக் கிடங்கில் ஏதாவது வேலை பார்க்கலாம் என்றார் முதலாளி. வாழ்க்கையில் மிகுந்த மனநிறைவோடு அவள் சொன்ன நோ அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே வந்ததும் சின்னவள் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை. "பெரிய மனசு காட்டி என்னைக் கடன்காரியாக்கப் பாக்கறீங்களா?" என்று சீறினாள். உனக்காக ஒன்றும் சொல்லவில்லை, உன்னைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது என்று இவளும் சீறினாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது கீழே இறங்கி வெவ்வேறு பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கணவர் தன் பல் ஆஸ்பத்திரியைச் சீக்கிரமே மூடிவிட்டு வீட்டில் காத்திருந்தார். தம்பி மூலமாக எல்லாம் தெரிந்திருந்தது. சொன்னால் நீ கத்துவாய், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன், அப்புறம் மறந்துபோயிற்று என்று பூசி மெழுகினார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவர் எழுந்து, வேண்டுமானால் இப்போதே கீழே போய்ச் சின்னவளிடம் பக்குவமாகப் பேசிவிட்டு வருகிறேன் என்றார்.

"உக்காருங்க. இனிமே நீங்க நடுவுல வேண்டாம். திட்டறதா இருந்தாலும் நானே போய்த் திட்டிக்கறேன்."

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். சின்னவள் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கையில் நனைந்த துணி இருந்தது, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இனிமேல் எதுவாக இருந்தாலும் என்னிடமே சொல் என்றாள் நோ மேடம். சின்னவள் துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன். உங்க அப்பா தவறின அன்னிக்கு, நான் வரலாமான்னு மாமாகிட்ட கேட்டு அனுப்பினேன். டிரெஸ் மாத்திக்கிட்டு இங்கயே உக்காந்திருந்தேன். பதிலே வரல. நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று வந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு, வராத ஒருத்தியைத்தான் நோ மேடம் மனதில் குறித்து வைத்திருந்தாள். குளிரூட்டியை என்றைக்கோ மன்னித்திருப்பாள், அதை மன்னிக்கவில்லை. பின்னால் மாடிப்படியில் கணவர் பாதி தூரம் இறங்கி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குக் கேள்வியே வரல" என்றாள் சின்னவளிடம்.