அவன் நிறுத்தாமல் விட்ட கமெரா

கோப்பாயில் பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள் நான். சண்டிலிப்பாயில் ஒரு கல்யாண வீட்டுக்கு, மணப்பெண்ணின் சட்டையைக் கடைசி நேரத்தில் அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கப் போனபோதுதான் அவனை முதலில் கண்டேன். வீடியோ எடுக்க வந்தவன். எல்லோரும் மணவறைப் பக்கம் நிற்க, இவன் பின்வளவில் பெண்ணின் தகப்பன் தனியே நின்று வேட்டியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதை எடுத்துக்கொண்டிருந்தான்.

படம் எடுக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரவல் கமெராவில் எடுத்ததைப் பலமுறை போட்டுப் பார்த்து, எங்கே பிழைத்தது என்று தானே கண்டுபிடித்தவன். அவன் எடுத்த கல்யாண வீடியோக்களில் சொந்தக்காரரின் முகங்களையே காணவில்லை என்று பல வீடுகளில் குறை சொன்னார்கள். அழைப்புகள் குறைந்தன. மிஞ்சிய நாட்களில் குறும்படங்கள் எடுத்தான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து, கணவனை இழந்த பெண்ணாக நடிப்பீர்களா என்று கேட்டான். என் கணவர் இறந்து அப்போது ஆறு வருடம். எனக்கு நடிக்கத் தெரியாது, அழவும் வராது என்றேன்.

“அழ வேண்டாம் அக்கா. உடுப்புக் காயப்போட்டால் காணும். உடுப்பை மட்டும் உங்கடை வீட்டிலை இருந்து கொண்டு வாங்கோ.”

காங்கேசன்துறைப் பக்கம், இடம்பெயர்ந்து போன வீட்டுக்காரர் திரும்பி வந்து பாதி கட்டியிருந்த ஒரு வீட்டு வளவில் படப்பிடிப்பு. கதிரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கமெராவை வைத்தான். எப்போதும் அப்படித்தானாம். நின்று பார்த்தால் அடுத்தவர் வீட்டை எட்டி விடுப்புப் பார்ப்பது போலாகிவிடும் என்பான்.

சேலைகளை விரித்தேன். அடியில் என் கணவருடைய நீலக்கோடு போட்ட சேட்டு. ஆறு வருடமாக அலுமாரியில் மடித்தபடி கிடந்ததை அன்று காலைதான் நனைத்தேன். கொடியில் போட்டதும் கடற்காற்றில் அதன் கைகள் இரண்டும் எழும்பின. கொலரைத் தடவி நேராக்கினேன். பிறகு கைகளை. தைப்பவளுக்கு அது பழகிய வேலை, ஆனால் விட்டுவிட்டு வர முடியவில்லை. கமெரா இருப்பதே மறந்துபோயிற்று. அவன் ‘கட்’ சொல்லவேயில்லை. திரும்பியபோது நிலத்தில் குந்தியிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குருநகரில் ஒரு தேவாலய மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். முடிந்ததும் ஒருவர் எழும்பி, உடுப்புக் காயப்போடுவதை இவ்வளவு நீளத்துக்கு விட்டிருக்க வேண்டுமா என்று கேட்டார்.

“அக்கா இன்னும் முடிக்கேல்லையே ஐயா. நான் எப்பிடி நிப்பாட்டுறது?” என்றான்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. என் கணவர் போன பிறகு என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் இரக்கப்பட்டுவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான்.

அடுத்த வருடம் அவனுக்குப் பிரான்சில் இருந்த பெண்ணோடு கல்யாணமாயிற்று. இப்போது பாரிசில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் நிற்கிறான். ஞாயிறுகளில் வேலைக்கிடையில் போன் எடுத்துக் கதைப்பான். படம் எடுக்கிறானா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். போன மாதமும் கேட்டேன்.

“கமெரா வாங்கி வைச்சிருக்கிறன் அக்கா. இஞ்சை எல்லாரும் நடந்துகொண்டே இருக்கினம். எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை.”

எப்போது வருவாய் என்றதற்கு அடுத்த வருடம் என்றான். மூன்று வருடமாக அதே பதில். வந்தால் என்னை வைத்து இன்னொரு படம் எடுக்கவேண்டும் என்றேன். அவன் போனை வைக்கவில்லை. நான் தையல் மெசினை நிறுத்திவிட்டு, அங்கே அவன் தண்ணீரைத் திறந்து சட்டி கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.