வலப்பக்கத்துப் பை

கணவர் சிங்கப்பூர் போன பிறகு, வயலுக்கு யூரியா போடுவதும் என் தலையில் விழுந்தது. கூலிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். சேற்றில் அன்னக்கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு கையால் வீசி முடித்து வீடு திரும்பினால், இடுப்பு வலியில் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது.

நான் பீச்சாங்கைக்காரி. சின்ன வயதில் சாப்பாட்டை மட்டும் அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள். இடக்கையால் உரம் போட்டால் விளங்காது என்று மாமியார் முணுமுணுப்பார். நெல் என்னவோ விளைந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் உரச்சாக்கை வெட்டி, வாய் அகன்ற பையாகத் தைத்தேன். வேளாங்கண்ணியில் வாங்கிய தோள்பையின் வாரைப் பிய்த்து அதில் சேர்த்தேன். பை வலப்பக்க இடுப்பில் நிற்கும், வாய் முன்னால் சரிந்திருக்கும். இடக்கையால் அள்ளி வீச வாகாக இருந்தது.

உரக்கடைக்காரரோடு வந்த கம்பெனி ஆள் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா தச்சிருக்கீங்கம்மா. மாதிரிக்கு ஒண்ணு குடுங்க."

காபியும் கொடுத்து, பையையும் கொடுத்தனுப்பினேன். அடுத்த சம்பாவுக்குள் அதே பை நீலத் துணியில், பளபளக்கும் கொக்கியோடு கடையில் தொங்கியது. போனில் கணவரிடம் சொன்னேன்.

"உன் சாக்குப் பையைப் பாத்துத்தான் கம்பெனிக்காரன் கத்துக்கிட்டானாக்கும்" என்று சிரித்தார்.

கம்பெனியோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இவர் ஒருவர் நம்பினால் போதும் என்றிருந்தது. அந்தச் சிரிப்பு வெகுநாள் உறுத்தியது.

லீவில் வந்தவர் கும்பகோணம் போய் எனக்காக அந்தப் பையையே வாங்கி வந்தார். "இனிமே சாக்கைக் கட்டிக்கிட்டு நிக்காத. இது கம்பெனிப் பொருள்" என்றார். எப்படிப் போடுவது என்று காட்ட அவரே மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். வீசும்போதெல்லாம் வலக்கை பையில் இடித்தது. இடப்பக்கம் மாற்றினார். வாய் பின்னால் போய், யூரியா சேற்றில் கொட்டியது.

"என்ன எழவு இது, பீச்சாங்கைக்காரன் தச்ச மாதிரி..."

பாதியில் நிறுத்தி என் கையைப் பார்த்தார். எத்தனையோ தடவை மனதுக்குள் பேசி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதையெல்லாம் எடுத்துப் பேச அலுப்பாக இருந்தது.

"நீ அன்னைக்கே சொன்ன..." என்று ஆரம்பித்தார்.

"கழட்டிக் குடுங்க. வெயில் ஏறுது" என்றேன்.

வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினேன். பை எனக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.