இடது எட்டு

என் வீட்டுக்காரர் செருப்புக் கடையில் இருபத்தாறு வருஷமாக விற்பனையாளர். முதுகுவலி, மூட்டுவலி எதுவானாலும் அளவு தப்பிய ஷூதான் காரணம் என்பது அவர் கட்சி. இரண்டு காலுக்கும் வேறு வேறு அளவு கேட்டு வருபவர்களிடம் படு கறார்: "ஜோடியைப் பிரிக்க மாட்டோம் சார்."

அந்த மேதைக்கு இடது கால் எரிந்தது, பிறகு மரத்தது. பாதம் தூக்க வராமல் தரையைத் தேய்த்தது. டாக்டரைப் பார்த்தாரா? ஷூ மாற்றினார். ஒன்றரை மாதத்தில் ஐந்து ஜோடி! கடைப் படியில் தடுக்கி விழுந்து மூக்கை உடைத்துக்கொண்ட பிறகு நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ரத்தம் எடுத்தார்கள். கணுக்காலுக்கு மேலே துளி நரம்பையும் வெட்டியெடுத்துச் சோதித்தார்கள்.

"உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே உங்க ரத்தக்குழாயைத் தாக்குது. குழாய் வீங்கி, நரம்புக்கு ரத்தம் போகல," என்றார் டாக்டரம்மா. "மருந்து அதை அடக்கும். நரம்பு மெதுவாத்தான் தேறும். நீங்களா மாத்திரையை நிறுத்தினா, அடுத்து கையும் போகலாம்."

"அகலமான ஷூ போட்டா..." என்று இவர் ஆரம்பித்தார். நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஸ்டீராய்டில் முகம் உப்பியது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "நல்லா தேறிட்டீங்களே!" என்றார்கள். கால் எரிச்சலும் அடங்கியதா, ஐயா தானே டாக்டராகிவிட்டார். மாத்திரைகளை விழுங்காமல் ஷூ பெட்டியில் பதுக்கினார். மூன்றாம் வாரம், வாடிக்கையாளர் ஒருவருக்கு நாடா கட்டும்போது வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. முடிச்சு விழவில்லை. அந்த மனிதர் தானே குனிந்து கட்டிக்கொண்டாராம். இவர் வீட்டுக்கு வந்து அழுதார். எனக்குக் கோபம் தலைக்கேறியது, பயம் அதைவிட அதிகம்.

மறுபடி ஊசி, மாத்திரை. இப்போது தினமும் வாயைத் திறக்கச் சொல்லி, விழுங்கினாரா என்று பார்க்கிறேன். பதினோரு மாதத்தில் கை முடிச்சுப் போட ஆரம்பித்தது. கால் இன்னும் வரவில்லை. பாதத்தைத் தாங்க பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். அதோடு நுழைய இடதுக்கு ஒன்பதாம் அளவு ஷூ வேண்டும், வலதுக்குப் பழைய எட்டே போதும்.

முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். "ஜோடியைப் பிரிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதானே?" என்று சிரித்தாராம் அவர்.

எட்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்கி வந்தார். மீந்த வலது ஒன்பதைக் குப்பையில் போட்டார். மீந்த இடது எட்டுக்கு மட்டும் தினமும் பாலிஷ் போட்டு வாசலில் வைக்கிறார். அதற்கு மட்டும் நான் அவரைக் கிண்டல் செய்வதில்லை.