மூன்றாவது மேசையின் கத்தி

கபிதோலினா யெகோரவ்னா முப்பது ஆண்டுகள் கேபிள் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவள். கையில் ஒரு முத்திரை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. நூறு சுருள் நன்றாக இருந்தாலும் நூற்றொன்றாவதில் என்ன கோளாறு என்று தேடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஓய்வு பெற்றபோது முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பூதக்கண்ணாடியும் அந்தப் பார்வையும் அவளுடனே வீட்டுக்கு வந்துவிட்டன. பால் பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். தனியாக வசிக்கும் வீட்டில் யார் வந்து பாலைக் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்டால், "அதைத்தான் நானும் பாக்குறேன்" என்பாள்.

பிப்ரவரி மாதம் ஒருநாள் பேருந்தில் பழைய தெருக்காரி ஒருத்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காபா, உனக்கு விஷயம் தெரியுமா? உங்க பழைய வீட்டை இடிச்சாங்கல்ல, அந்தச் சமையலறையை அப்படியே பேத்து எடுத்துட்டுப் போய் மியூசியத்துல வெச்சிருக்காங்க. நவீன ரஷ்யக் கலையாம்."

"எந்தச் சமையலறை?"

"ஒன்பதாம் நம்பர் வீடு. ஏழு குடும்பத்துக்கும் பொதுவா ஒரே சமையலறை, ஆளுக்கொரு மேசை. கூடத்துக்குக் காவலா யார் உக்காந்திருக்கா தெரியுமா? ரிம்மா."

கபிதோலினா தான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகளாக ரிம்மாவோடு அவளுக்குப் பேச்சில்லை. அதற்கு முன்பு சனிக்கிழமைதோறும் இருவரும் ஒரே பலகையில் மாவு தேய்த்து, பெல்மெனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்து, ஜன்னலுக்கு வெளியே பையில் கட்டித் தொங்கவிட்டு உறைய வைப்பார்கள். எண்பத்தேழாம் வருடம் நவம்பர் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமைதான் அது முறிந்தது. தொழிற்சாலை வழியாகக் கபிதோலினாவுக்கு இரண்டு கிலோ மாட்டிறைச்சி கிடைத்திருந்தது. அரைக்கும் இயந்திரத்தை மேசையில் பூட்டிய பிறகுதான் பார்த்தாள், உள்ளே இருக்க வேண்டிய நான்கு இதழ்க் கத்தி இல்லை. கத்தி இல்லாவிட்டால் அந்த இயந்திரம் வெறும் இரும்பு. தனிக் கத்தி எந்தக் கடையிலும் கிடைக்காத காலம் அது. வியாழக்கிழமை இயந்திரத்தை இரவல் வாங்கியிருந்தவள் ரிம்மா ஒருத்திதான்.

ஏழு குடும்பமும் அடுப்பைச் சுற்றி நிற்கும்போது கபிதோலினா கேட்டுவிட்டாள்: "ரிம்மா, கத்தியை எடுத்தவ குடுத்துடு. கறி கெட்டுப்போகுது."

"கழுவித் துடைச்சு உள்ளேயே வெச்சுத்தான் குடுத்தேன்."

"அப்போ அதுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?"

அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள்; பாத்திரத்துக்குப் பூட்டுப் போட்டவர்களும் உண்டு. ஆனால் பேர் சொல்லி, எல்லோர் முன்னாலும் யாரும் யாரையும் திருடி என்றதில்லை. அதன் பிறகு நான்கு ஆண்டுகள், அங்கிருந்து குடிமாறிப் போகும்வரை, ரிம்மா சமையலறையில் கால் வைக்கவில்லை. தன் அறைக்குள்ளேயே சின்ன மின்அடுப்பில் உருளைக்கிழங்கு வேக வைத்துத் தின்றாள்.

இப்போது அதே சமையலறையைக் காவல் காக்கிறாளாம். ஏன்? அங்கே எதைப் பாதுகாக்கிறாள்? எல்லா மேசைகளின் அடி அலமாரிகளையும் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றால், ரிம்மாவின் மேசையும் திறந்திருக்கும். அதில் கத்தி இருந்தால், அன்று தான் சொன்னது சரி. இல்லாவிட்டாலும் அதை வேறெங்கோ போட்டுவிட்டாள் என்று அர்த்தம். கபிதோலினாவுக்குக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அருங்காட்சியகம் வோல்கா கரையில், பழைய மாவு ஆலைக் கட்டடத்தில் இருந்தது. மாதத்தின் முதல் புதன்கிழமை ஓய்வூதியக்காரர்களுக்கு இலவசம் என்று வாசலில் எழுதியிருந்தது. ஏன் இலவசமாக விடுகிறார்கள் என்று அந்தப் பலகையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கோட்டு வாங்கி வைக்கும் ஆள் அவள் கோட்டைத் திருப்பிப் பார்த்தான். "மாட்டுற வளையம் அறுந்திருக்கு. தெச்சுக்கக் கூடாதா?"

"உங்க ஆணிதான் அறுத்திருக்கும்."

"இன்னும் ஆணியில மாட்டவே இல்லையேம்மா."

"அதான், மாட்டப்போறீங்கல்ல." பையை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டாள். காலணிமேல் நீல உறையை மாட்டிக்கொண்டு படியேறினாள்.

முதல் கூடத்தில் பெரிய பெரிய படங்கள். ஒன்றில் ஆரஞ்சு நிறமும் சாம்பல் நிறமும் தவிர வேறெதுவும் இல்லை. அருகே போய் ஓரத்தைப் பார்த்தாள். சாயம் வழிந்து உறைந்திருந்தது. எங்கள் ஆலையில் இதை இரண்டாம் தரம் என்று ஒதுக்கியிருப்பேன் என்று நினைத்தாள். இன்னொன்று துருப்பிடித்த தகரத்தில் ஆணியால் கீறிய வோல்கா. அதன் முன்னால் மட்டும் சற்று நேரம் நின்றாள். பனி உடையும் மாதத்தில் ஆறு அப்படித்தான் இருக்கும். உடனே, தன்னை எதற்காக இங்கே நிறுத்துகிறார்கள் என்று தோன்ற, நகர்ந்துவிட்டாள்.

மூன்றாவது கூடத்தில் சமையலறை இருந்தது.

பச்சைச் சாயம் பூசிய சுவர்கூட அதேதான். கூரையிலிருந்து ஏழு பல்புகள் ஏழு கம்பியில் தொங்கின. அவரவர் பல்பு அவரவர் மின்கணக்கில். சுவரோரமாக ஏழு மேசைகள், எல்லாவற்றின் கதவுகளும் திறந்திருந்தன. முன்னால் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம், நாற்காலியில், மடியில் கம்பளிப் பின்னலோடு ரிம்மா.

முடி முழுவதும் நரைத்திருந்தது. முதுகு மட்டும் பழைய மாதிரியே நேராக இருந்தது. பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்:

"போன வருஷமே வருவேன்னு நெனச்சேன்."

"எதுக்கு வரணும்?"

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

கபிதோலினா நேராக ஐந்தாவது மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அதுதான் ரிம்மாவின் மேசை. உள்ளே ஒரு வாணலி, உப்பு டப்பா, உடைந்த சல்லடை. ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். கத்தி இல்லை.

"தேடுறது மூணாவது மேசையில இருக்கு" என்றாள் ரிம்மா.

மூன்றாவது மேசை கபிதோலினாவுடையது. அதன் இழுப்பறையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில், விரித்த பழுப்பு நிறச் செய்தித்தாளின் நடுவில், நான்கு இதழ்க் கத்தி கிடந்தது. சுவரில் ஒட்டிய பட்டியலில் எழுதியிருந்தது: மூன்றாவது மேசை, இழுப்பறைக்குப் பின்புறப் பலகையின் இடைவெளியில் கண்டெடுத்தது, இறைச்சி அரைக்கும் கத்தி ஒன்று.

கபிதோலினா ரிம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீதானே வெச்சே?"

"எப்போ?"

"அப்போவே. இல்லன்னா இப்போ, பேத்து எடுக்கும்போது. நீ பக்கத்துல நின்னிருப்பே."

"நின்னேன். எந்த மேசை யாருதுன்னு சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. இதையெல்லாம் இங்க கொண்டாந்த ஓவியர் பையன் இழுப்பறையை உருவினான், இது பொட்டலமா விழுந்துச்சு. ஒவ்வொரு பொருளும் கிடைச்ச மேசையிலயே இருக்கணும்ங்கறது அவன் சட்டம். பிரிச்சு அதுமேலயே வெச்சுட்டான். நான் தொடக்கூட இல்ல."

"யார் சாட்சி?"

ரிம்மா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் ஆய்வாளராச்சே. பாத்துச் சொல்லேன்."

கபிதோலினா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். அதற்காகத்தான் பையை அவள் கொடுக்கவில்லை. கயிற்றின்மேல் சாய்ந்தாள்.

"கை வைக்காதே."

"வைக்கல."

செய்தித்தாள் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களின் வாரப் பத்திரிகை. பட்டறை வாசலில் வேலையாட்களுக்கு மட்டும் கொடுப்பது. ஒன்பதாம் எண் வீட்டில் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவன் ஒருவன்தான், கபிதோலினாவின் கணவன் ஆர்காதி. தேதி, அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய நாள். பக்கத்தில் தார் பூசிய நூல் சுருண்டு கிடந்தது. வலை கட்டுகிற முடிச்சு இன்னும் அவிழாமல் இருந்தது. அந்த முடிச்சால்தான் அவன் வீட்டில் எல்லாப் பொட்டலங்களையும் கட்டுவான்.

இவ்வளவையும் ரிம்மா எங்கேயாவது தேடிப் பிடித்திருக்கலாம். பழைய காகிதம் கிடைக்கும், முடிச்சும் போடப் பழகலாம். கபிதோலினா கத்தியின் விளிம்பைப் பார்த்தாள். நான்கு இதழிலும் ஒரே சாய்வில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. பட்டறையின் சின்னச் சக்கரத்தில் நிதானமாகப் பிடித்துத் தீட்டியது. அதன் பிறகு அது ஒரு துண்டு இறைச்சியைக்கூட வெட்டவில்லை. கத்தியைத் திருடுகிறவள் அதைத் தீட்டி வைக்கமாட்டாள்.

கபிதோலினா கண்ணாடியை இறக்கினாள்.

மழுங்கிப்போச்சு, மழுங்கிப்போச்சு என்று அந்த வாரம் முழுவதும் ஆர்காதியிடம் அவள்தான் புலம்பியிருந்தாள். விடுமுறைக்குள் தீட்டிக் கொடுப்போம் என்று வெள்ளிக்கிழமை சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தபோது அவள் ஏழு குடும்பத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவன் கதவருகே வந்து நின்றது அவளுக்கு நினைவிருக்கிறது. தொப்பியைக்கூடக் கழற்றாமல், சிகரெட் வாங்கி வருகிறேன் என்று திரும்பிப் போனான். மூன்று வாரம் கழித்து யாரோஸ்லாவ்ல் நகரத்துக்குப் போய், நாள் முழுக்க வரிசையில் நின்று, புது இயந்திரம் வாங்கி வந்தான். அதைப் பார்த்தீர்களா என்று அவள் எல்லோரிடமும் பெருமையடித்தாள். புது வீட்டுக்குப் போகும்போது, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அவன் பிடிவாதம் பிடித்ததும் இந்த மேசைக்காகத்தான். "அங்க இதெல்லாம் எதுக்கு, விட்டுட்டு வா" என்றான். கத்தியை ஆற்றில் எறிந்திருக்கலாம். நல்ல கருவியைத் தூக்கி எறிய அவனுக்குக் கை வராது.

எல்லோரையும் சந்தேகித்திருக்கிறாள். தபால்காரனை, தன் சொந்தத் தங்கையை. அவன் இறந்து எட்டு ஆண்டு ஆகிறது. அவனை ஒருநாள்கூடச் சந்தேகித்ததில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்டாள்.

"அந்த முடிச்சைப் பாத்ததும்."

"ஒரு வருஷமா ஏன் வந்து சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

கபிதோலினா யோசித்துப் பார்த்தாள். "இல்ல."

"அதான். நீயே வந்து பாக்கட்டும்னு உக்காந்திருக்கேன். ஆனா காபா, பாத்துட்டு, இதுவும் என் வேலைன்னு சொல்லிட்டுப் போயிருவியோன்னுதான் பயம்."

அதற்குள் படிக்கட்டில் சத்தம் கேட்டது. வழிகாட்டிப் பெண் ஒருத்தி, பதினைந்து இருபது ஆசிரியைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரிம்மா பின்னலை மடியில் இறக்கி, முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டாள். வழிகாட்டி பல்புகளைக் காட்டினாள், பூட்டுப் போட்ட பாத்திரத்தைக் காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மூன்றாவது மேசைக்கு வந்தாள்.

"இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வேற மேசைக்காரி ஒருத்தி கத்தியைத் திருடியிருக்கா. அப்புறம் பயந்துபோய், திருடின வீட்டு மேசைக்குப் பின்னாலேயே ஒளிச்சு வெச்சுட்டா. பாருங்க, எவ்வளவு சாமர்த்தியம்."

ஆசிரியைகள் மறுபடி சிரித்தார்கள். கபிதோலினா ரிம்மாவைப் பார்த்தாள். ரிம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை இந்தக் கதையை அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அது அவள்தான் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது.

"அது தப்பு" என்றாள் கபிதோலினா.

வழிகாட்டி திரும்பினாள். "அம்மா, கேள்வி இருந்தா கடைசியில..."

"கேள்வி இல்ல. தப்புங்கறேன். இது என் மேசை. கத்தியை யாரும் திருடல. என் புருஷன் தீட்டறதுக்கு எடுத்துட்டுப் போயிருந்தாரு. நான் அதுக்குள்ள, இதே இடத்துல, எல்லார் முன்னாடியும் இவமேல பழி போட்டேன்." கையை நீட்டி நாற்காலியைக் காட்டினாள். "ரிம்மா சவேல்யெவ்னா. அவ எடுக்கல. நான் சொன்னதைக் கேட்டுட்டு என் புருஷனுக்கு வாய் வரல. அவரு ஒளிச்சு வெச்சது இது. வேணும்னா எழுதிக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஆசிரியை இதுவும் காட்சியின் ஒரு பகுதியோ என்று பக்கத்திலிருந்தவளிடம் மெல்லக் கேட்டாள்.

"இனிமே இந்தக் கதையை எப்படிச் சொல்லுவே?" கபிதோலினா வழிகாட்டியை விடவில்லை.

"நீங்க சொன்ன மாதிரி."

"ஒரு தடவை சொல்லிக் காட்டு."

அந்தப் பெண் காது சிவக்கச் சொல்லிக் காட்டினாள். இரண்டு இடத்தில் கபிதோலினா திருத்தினாள். பிறகுதான் கூட்டம் அடுத்த கூடத்துக்குப் போனது.

ரிம்மா பின்னலை எடுத்தாள். ஒரு கண்ணி நழுவியிருந்தது, அதைத் திரும்பப் பிடிக்கச் சற்று நேரமானது.

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்க" என்றாள். "போய் உன் கோட்டை வாங்கிக்க."

"போறேன்."

"சனிக்கிழமை எனக்கு லீவு."

கபிதோலினா படியிறங்கும்போது அந்த வார்த்தையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதற்காகச் சொன்னாள்? வா என்றாளா, வராதே என்றாளா, அல்லது அன்றைக்கு வந்தால் என்னைப் பார்க்க வேண்டியிருக்காது என்றாளா? வீடு வரும்வரை தெளியவில்லை.

வீட்டில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து யாரோஸ்லாவ்ல் இயந்திரத்தை இறக்கினாள். திருகைக் கழற்றிக் கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். மொண்ணை. இறைச்சியை வெட்டாமல் மெல்லுகிறது என்று எத்தனையோ வருடம் ஆர்காதியிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் கத்தரிக்கோல் முதல் கோடாலிவரை தீட்டி வைத்தவன், இதை மட்டும் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றே காலத்தைக் கழித்தான்.

மறுநாள் காலை அந்தக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு சந்தையிலுள்ள சாணைக்காரனிடம் போனாள்.

"வெச்சுட்டுப் போங்கம்மா, ஒரு மணி நேரத்துல வாங்க."

"வேணாம். நிக்கிறேன்."

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இறைச்சி எங்கே நன்றாக இருக்கும், மாவை யார் பலகையில் தேய்ப்பது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சக்கரம் சுழன்று முடியும்வரை, கத்தியை மாற்றிவிடுவானோ என்று அவன் கையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.