அம்மா விழும் இடம்

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தந்தவள் என் மகள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் சைக்கிளும், போன் கேமில் பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடும் ஒரு பொம்மையும்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அயனம்பாக்கம் பக்கம் வந்துகொண்டிருந்த கம்பெனி வேனை அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் கேட்டை மூடிவிடுவார்கள். வண்டி ஓட்ட வராவிட்டால் வேலை போய்விடும். வீட்டை விட்டால் எனக்கென்று இருந்த ஒரே இடம் அது. அதை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

என் வீட்டுக்காரர் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, மாங்காட்டு அம்மன் கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். அடுத்து நசுங்கியது என் முட்டி. ஏரிக்கரையை ஒட்டிய காலி மைதானத்தில் கூடவே ஓடிவந்து கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் கத்தினார்.

"இன்னாம்மே பண்ற? பிரேக்க புடி! புடின்றேன்ல!"

மகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை நன்றாகவே விழுந்தேன். "எனக்கு இது வராது, ஆள விடு" என்று சாவியை ஃபிரிட்ஜ் மேல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் நான் முட்டிக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் போனோடு உட்கார்ந்திருந்தாள். பொம்மை செத்துக்கொண்டே இருந்தது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு இருந்த எரிச்சலில் அவள் மேல் பாய்ந்தேன்.

"எத்தினி வாட்டிடி அது சாவும்? உனக்கு வெக்கமா இல்ல?"

அவள் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "இதுல இன்னாம்மா வெக்கம்? எந்த எடத்துல சாவுதுன்னு பாத்துகினு கீறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நீகூட அந்த கரண்டு கம்பத்தாண்ட திரும்பறப்போதாம்மா வுழற. அங்க வந்தா அப்பா கத்துவாரு. நீ பயந்துபோயி பிரேக்கோட சேத்து ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிடற. வண்டி பாயுது."

வலியில் நான் கவனிக்காததை இவள் நான் விழுந்த ஒவ்வொரு தடவையும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள்.

"அதுக்கு இன்னாடி பண்றது?"

"கஷ்டமான எடம் வந்தா நான் சவுண்ட ஆஃப் பண்ணிடுவேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என்ன விஷயம் என்று அவரே எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் காலையில் அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனோம். மைதானத்தில் எங்களையும் நாலு மாடுகளையும் தவிர யாரும் இல்லை. கம்பத்துப் பக்கம் போனேன். திரும்பினேன். மெதுவாகச் சாய்ந்து, மறுபடியும் விழுந்தேன்.

மண்ணில் கிடந்தபடி திட்டுக்காகக் காத்திருந்தேன். பழக்க தோஷம். அவள் ஓடி வந்து வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தாள். "பாத்தியாம்மா? இந்த வாட்டி நீ முறுக்கவே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் படித்த காலத்தில் தவறினால் அடி விழும், இல்லாவிட்டால் சிரிப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கத்தல். விழுந்து கிடக்கும்போது எது சரியாக வந்தது என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. முட்டி வலிக்கிறது என்று நினைத்து அவள் ஊதிவிட்டாள்.

அடுத்த தடவை கம்பத்தைத் தாண்டிவிட்டேன். அப்புறமும் ஒரு சுற்று வந்து நிறுத்தியதுதான் தாமதம், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்குடி, வுழுந்துடப் போற!"

"வுழுந்தா பாத்துக்கலாம். நீ எடு."

என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போனில் விழுந்தால் முட்டி தேயாது, இங்கே தேயும். முந்தின நாள் என் ரத்தத்தைத் துடைத்தவள் அவள்தான். தெரிந்தேதான் ஏறினாள்.